பிள்ளைகளுக்கான கதிர்வீச்சு சிகிச்சை: எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் தங்கை மகளுக்கு 5 வயது. சிறுமூளையில் மெடுலோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி இருந்தது. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். இனி தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கோலாலம்பூரில் 6 வாரம் கதிர்வீச்சு கொடுக்க வேண்டுமாம். 'சின்னப் பிள்ளைக்குக் கரண்டு வைத்தால் வளர்த்தி நின்றுபோகும், புத்தி மங்கிவிடும்' என்று அம்மா தடுக்கிறார். சிங்கப்பூரில் புரோட்டான் சிகிச்சைதான் நல்லது என்கிறார் மாமா. எங்கள் தோட்டத்திலேயே 16 வயதுப் பையன் ஒருவனுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். அவனுக்கும் மார்பில் கதிர்வீச்சு கொடுக்க நேரலாம் என்கிறார்கள். இந்தச் சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதா என்பதை எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?"

நான் கதிர்வீச்சுப் பிரிவில் சிகிச்சையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை. அந்தப் பிள்ளையின் மருத்துவக் குறிப்புகளையும் நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். பெற்றோர் பெரும்பாலும் இயந்திரத்தின் பெயரையும் அது எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்பதையும் விசாரிக்கிறார்கள். கதிர் பாயும் நேரமோ சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துகிறார்கள், இடையில் நாள் தவறாமல் எப்படிக் கொண்டுசெல்கிறார்கள், முடிந்த பின் எத்தனை ஆண்டுகள் கண்காணிக்கிறார்கள் என்பவற்றில்தான் நல்ல சிகிச்சை எது, ஏனோதானோ சிகிச்சை எது என்பது தெரியவரும்.

முதலில் பாட்டியின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது, ஏனெனில் அதில் பாதி உண்மை. வளரும் மூளைக்கும் வளரும் எலும்புக்கும் கதிர்வீச்சு தீங்கு செய்யும். வயது குறையக் குறைய அந்தத் தீங்கு மிகும். அதனால்தான் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூளை முழுவதற்கும் கதிர் கொடுப்பதை மருத்துவர்கள் இயன்றவரை தவிர்த்து, கீமோ என்னும் மருந்துச் சிகிச்சையைக் கொண்டு காலம் கடத்தப் பார்க்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் பலருக்கு ஒரு காலத்தில் தலைக்குக் கதிர் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இன்று மிகச் சிலருக்கே அது தேவைப்படுகிறது. ஆகவே மருத்துவர்கள் கதிர்வீச்சு வேண்டும் என்று சொன்னால், அது இல்லாமல் முடியுமா என்று யோசித்துப் பார்த்த பிறகே சொல்லியிருப்பார்கள். மெடுலோபிளாஸ்டோமா உயிரணுக்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் கலந்து பரவக்கூடியவை. எனவே கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்தால் போதாது. தலை முதல் தண்டுவடத்தின் அடிவரை கொடுக்க வேண்டும். நோய் பரவாத, கட்டி ஏறக்குறைய முழுவதும் எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் தலைக்கும் தண்டுக்கும் 13 தவணைகளில் 23.4 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு), பிறகு கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் மேலும் 17 தவணைகள் சேர்த்து மொத்தம் 54 கிரே கொடுப்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என 30 தவணைகள். அந்த 6 வாரக் கணக்கு இதுதான். பரவிய நோய்க்கு அளவு இன்னும் கூடும். உங்கள் பிள்ளை எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறாள் என்பதை முதலில் கேளுங்கள்.

பாட்டிக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். இது மின்சாரம் வைப்பதும் அல்ல, சூடு வைப்பதும் அல்ல. எக்ஸ்ரே எடுப்பதைப் போலவே, கதிர் உடலில் புகும்போது பிள்ளைக்கு வலிக்காது. வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கப்படும் கதிர் உடலில் தங்காது. அன்று இரவே அவள் தம்பியோடு ஒரே பாயில் படுத்துக்கொள்ளலாம், பாட்டி மடியில் வைத்துச் சோறு ஊட்டலாம்.

புரோட்டானைப் பற்றி மாமா சொல்வதிலும் பொருள் இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரே கதிர் முதுகு வழியாகப் புகுந்து இதயம், குடல் வழியாக வெளியேறும். புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடுவதால் அதற்கு அப்பால் உள்ள உறுப்புகள் பெரிதும் தப்பிக்கும். பிள்ளைகளுக்கு இது மெய்யான நன்மை. ஆனால் இது நோயைக் கூடுதலாகக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பிற்கால விளைவுகளைக் குறைப்பதே இதன் பயன். சிங்கப்பூரில் அந்த வசதி உண்டு, செலவும் உண்டு. நான் அதைவிட அஞ்சுவது காலதாமதத்துக்குத்தான். இந்நோயில் அறுவைக்குப் பின் ஏறத்தாழ 4 முதல் 7 வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும். நன்கொடை திரட்டவும் கடிதம் எழுதவும் மாதங்களைக் கழித்துவிட்டு வருவதைவிட, இங்கே நேரத்தில் தொடங்கி நேரத்தில் முடிப்பது மேல் என்பது என் கருத்து. மருத்துவரிடம் புரோட்டானைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

அவரிடமே கேட்க வேண்டிய வேறொன்று, பெற்றோர் எவரும் கேட்டு நான் காணாதது: "எங்கள் பிள்ளையின் திட்டத்தை, முதல் நாளுக்கு முன்னால், இன்னொரு நிபுணரும் பார்த்தாரா?" பிள்ளைகளின் புற்றுநோய் அரிது, எனவே குழந்தைப் புற்றுநோய் மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் ஆகியோர் கூடிப் பேசி முடிவெடுப்பதும், வரைந்த திட்டத்தை மற்றொருவர் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை. மூக்குக்கு மேலே, மூளையின் முன்பகுதியைத் தாங்கும் துளைகள் நிறைந்த மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. இரு கண்களுக்கும் இடையில் அது தாழ்ந்து கிடப்பதால், கண்களைக் காப்பாற்றும் நோக்கில் கதிரை மறைக்கும்போது அந்த இடமும் மறைபட்டுப் போவதும், பின்னர் அங்கேயே நோய் திரும்புவதும் மருத்துவ உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட செய்தி. முதுகுக்கும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு: வளரும் பிள்ளைக்கு முள்ளெலும்பின் ஒரு பாதியில் மட்டும் கதிர் பட்டால் அந்தப் பாதி வளர்ச்சியில் பின்தங்கி முதுகு கோணிவிடும் என்பதால், முழு எலும்பையும் சமமாகப் படும்படி சேர்த்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எனவேதான் பிள்ளைகளுக்குச் செய்து பழகிய குழு வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இனி, பிள்ளை அசையாமல் கிடப்பது. தாய்மாரின் உறக்கத்தைக் கெடுப்பது இந்த ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், சில மில்லிமீட்டர் கூட விலகாமல் தலை இருக்க வேண்டும். அதற்காக முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வார்கள். வெந்நீர்த் தொட்டியில் போட்ட பிளாஸ்டிக் வலைத்தகடு துவண்டு கண்ணாடி நிறத்துக்கு வரும். அதை எடுத்து நீரை ஒற்றிவிட்டு, மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் முகத்தின் மேல் விரித்து, காது, தாடை, மூக்கின் விளிம்புகளில் விரலால் மெதுவாக அழுத்துவோம். முதலில் வெதுவெதுப்பான ஈரத் துண்டு போர்த்தியது போல இருக்கும். சில நிமிடங்களில் இறுகிவிடும். வலைக்கண்கள் வழியாக மூச்சு விடலாம், வெளியே பார்க்கலாம். முன்னறிவிப்பின்றிச் செய்தால் 5 வயதுப் பிள்ளைக்கு இது பெரும் பீதி. முந்தைய நாளே ஒரு துண்டுத் தகட்டை அவள் கையில் கொடுத்து, பொம்மையின் முகத்தில் அவளே போட்டுப் பார்க்கும்படி விட்டால், மறுநாள் பாதி வேலை முடிந்தது போலத்தான். மாஸ்க்கின் மேல் அவளுக்குப் பிடித்த உருவத்தை வரைந்து தருவது, இயந்திர அறையை ஒருமுறை வெறுமனே சுற்றிக் காட்டுவது, கதவு மூடிய பின் ஒலிபெருக்கியில் அம்மா கதை சொல்வது, கண்காணிப்புக் கேமராவில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவளுக்கே திரையில் காட்டுவது ஆகிய இவை விளையாட்டுக் காட்டும் வேலைகள் அல்ல, சிகிச்சையின் பகுதிகள். மொழியும் ஒரு பகுதி. வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் "அசையாதே" என்றால் அவள் விழிப்பாள். தாதியரிலோ சிகிச்சையாளரிலோ தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றாடம் சொல்லப்படும் கட்டளைகளை அம்மாவின் குரலில் பதிவு செய்து கொடுங்கள்.

இத்தனை செய்தும் முடியாத பிள்ளைகள் உண்டு. 3 வயதுக்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தினமும் மயக்க மருந்து தேவைப்படும். 7, 8 வயதுக்கு மேல் பெரும்பாலோர் இல்லாமலேயே சமாளிப்பார்கள். 5 வயது இரண்டுக்கும் நடுவில். முயன்று பார்க்க நேரம் கொடுக்கும் குழு நல்ல குழு. பிள்ளையை நான்கு பேர் பிடித்து அமுக்குவதை நல்ல நடைமுறை என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மயக்க மருந்து என்றால் குழந்தைகளுக்குப் பழகிய மயக்க மருத்துவர் ஒவ்வொரு நாளும் உடனிருக்க வேண்டும். பசியோடு காத்திருக்கும் பிள்ளைக்குக் காலையில் முதல் இடம் ஒதுக்க வேண்டும். பொதுவாகத் திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரமும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும், தெளிந்த நீராகாரத்துக்கு 2 மணி நேரமும் இடைவெளி சொல்வார்கள். சில இடங்களில் நீருக்கு இதைவிடக் குறைவு. மைலோ தெளிந்த நீராகாரம் அல்ல. விடியற்காலையில் அழுத பேத்திக்கு இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட்டை மைலோவில் நனைத்துக் கொடுத்துவிட்டு அதை மறைப்பது பெரிய ஆபத்து. மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கொடுத்துவிட்டால் கொடுத்தோம் என்று சொல்லிவிடுங்கள். அன்று நேரத்தைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, நாள் தவறாமை. மெடுலோபிளாஸ்டோமாவில் கதிர்வீச்சு இழுத்துக்கொண்டே போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்துக் குடும்பங்களில் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வரலாமா, தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடன் இருக்கிறதே என்று கேட்பது இயல்பு. நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். முருகன் பொறுத்துக்கொள்வான், கட்டி பொறுக்காது. இது குடும்பத்தின் கடமை மட்டும் அல்ல. பொது விடுமுறை வந்தாலோ இயந்திரம் பழுதானாலோ என்ன செய்வீர்கள் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அதே வகையான வேறொரு இயந்திரத்துக்கு மாற்றுவது, சனிக்கிழமை கொடுப்பது, குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தவணை கொடுப்பது என்று வழிகள் உண்டு. "பார்க்கலாம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், பணிவாக மீண்டும் கேளுங்கள்.

அந்த 6 வாரங்களில் வீட்டார் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகெலும்பிலுள்ள மஜ்ஜையில் கதிர் படுவதால் இரத்த அணுக்கள் குறையும். வாரந்தோறும் இரத்தம் எடுப்பார்கள். உடல் சூடு 38 டிகிரியைத் தொட்டால் வீட்டிலிருக்கும் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தியைத் தடுக்கும் மருந்தை வாந்தி வந்த பிறகு கொடுப்பதைவிடச் சிகிச்சைக்கு முன்பே கொடுப்பது நல்லது. தொண்டை எரியும், காரம் குறைத்த ரசஞ்சோறு, இட்லி, கஞ்சி என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள், எடை இறங்கினால் உணவியலாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். கதிர் படும் தோலில் நல்லெண்ணெய், மஞ்சள், பவுடர், திருநீறு எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும், தேய்க்கக் கூடாது. உடம்பில் வைத்த குறிகளை அழிக்காதீர்கள். மாஸ்க் செய்த பிறகு மொட்டை போடவோ இறுக்கிப் பின்னவோ நினைத்தால் முதலில் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், பொருத்தம் மாறிவிடும். ஸ்டிராய்டு மருந்தால் முகம் ஊதினாலும் அப்படித்தான். நாட்டு மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அது பாதித்தால் அவர் வேறு எங்கெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

தோட்டத்திலுள்ள அந்த 16 வயதுப் பையனின் நிலை வேறு. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் முதல் சில கீமோ சுற்றுகளுக்குப் பின், நோய் உடலில் எங்கே இயங்குகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்து, நோய் நன்றாக அடங்கியிருந்தால் பலருக்குக் கதிர்வீச்சையே விட்டுவிடும் முறை இப்போது இருக்கிறது. ஆகவே "நேரலாம்" என்று மருத்துவர் இழுத்துச் சொன்னது மழுப்பல் அல்ல. கொடுக்க நேர்ந்தால், ஆழ்ந்து மூச்சிழுத்து அடக்கிக்கொண்டு கதிர் வாங்கும் முறை அங்கே உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். நுரையீரல் விரிந்து இதயம் சற்று விலகுவதால் அதற்குப் போகும் அளவு குறையும், 16 வயதுப் பையனுக்கு இது எளிதில் பழகிவிடும். ஆனால் அவனுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது வேறு, நம் வீடுகளில் வாய் திறந்து பேசப்படாதது. சில கீமோ மருந்துகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும்; வயதுக்கு வந்த பையன்களின் விந்தணுவைச் சிகிச்சைக்கு முன்பே சேமித்து வைக்கலாம். இடுப்பில் கதிர் வாங்கவிருக்கும் பெண்பிள்ளைகளுக்குச் சூலகத்தைக் கதிர் படாத இடத்துக்கு அறுவை செய்து நகர்த்தும் வழியும் உண்டு. கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயன் குறைவு. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க இதை அவனிடம் கேட்டால் அவன் "வேண்டாம்" என்றுதான் சொல்வான். ஒவ்வொரு சந்திப்பிலும் சில நிமிடங்கள் அவனோடு தனியாகப் பேசும் மருத்துவரே பதின்ம வயதினரைப் புரிந்தவர். 18 வயதுக்கு உட்பட்டவன் என்பதால் கையெழுத்து பெற்றோருடையது, உடம்பு அவனுடையது. சட்டையைக் கழற்றச் சொல்லும்போது திரை போடுவதும், பயிற்சி மாணவர்கள் அறையில் இருக்கலாமா என்று அவனிடமே கேட்பதும் சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். இவை தவறிய இடத்தில்தான் பையன்கள் மூன்றாம் வாரம் வராமல் நின்றுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு என்ற கவலையும் அவனுக்கு இருக்கும். மருத்துவமனையிலிருந்தே தேர்வு எழுத ஏற்பாடு உண்டு, பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

தங்கலும் பணமும் பெரிய மலை. செம்பனைத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் தகப்பன் 6 வாரம் கோலாலம்பூரில் இருந்தால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. மருத்துவமனையின் சமூகநல அதிகாரியை முதல் வாரத்திலேயே பாருங்கள். கடைசியில் போனால் விண்ணப்பம் முடிவதற்குள் சிகிச்சை முடிந்துவிடும். மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம், சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்குக் கோலாலம்பூரில் ஓர் இல்லம் நடத்துகிறது. மாக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றம் வசதி குறைந்த நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. ஊரில் விட்டுவிட்டு வந்த தம்பியை மறந்துவிடாதீர்கள். அக்காளுக்கு மட்டும் பொம்மை வருகிறது, அம்மாவும் இல்லை என்று மட்டுமே அவனுக்குத் தெரியும்.

சிகிச்சை முடிந்து 4 முதல் 8 வாரங்களுக்குள் பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தால் உடனே நோய் திரும்பிவிட்டது என்று நடுங்க வேண்டாம். தலைக்குக் கதிர் வாங்கிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சோர்வுக் காலம் வந்து, பெரும்பாலும் தானாகவே தெளியும். ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாந்தியோ தலைவலியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும்.

பாட்டி பயந்த விளைவுகள் வருவது இதற்கும் பிறகுதான், ஆண்டுகள் கழித்து. வளர்ச்சி ஹார்மோன் குறையலாம், தைராய்டு மந்தமாகலாம், முதுகு குட்டையாக நிற்கலாம், கீமோவும் சேர்வதால் காது மங்கலாம். மிகப் பின்னால், சிலருக்கு, கதிர் பட்ட இடத்திலேயே வேறொரு கட்டி தோன்றலாம். இவற்றுள் பலவற்றைக் காலத்தில் கண்டால் மருந்தால் ஈடுசெய்யலாம்: ஆண்டுதோறும் உயரத்தை அளந்து, இரத்தத்தில் ஹார்மோன்களைப் பார்த்து, செவியைச் சோதித்து வர வேண்டும். மார்பில் கதிர் வாங்கிய பெண்பிள்ளைகளுக்கு 25 வயதிலிருந்தோ சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகளிலிருந்தோ, எது பிந்தியதோ அப்போதிலிருந்து மார்பகச் சோதனை தொடங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். அந்தப் பையனுக்கோ இதயச் சோதனையும், சிகரெட்டையும் வேப் என்னும் மின்சிகரெட்டையும் தொடாதிருப்பதும் வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரமாக ஒரு தாள் வேண்டும். எந்த இடத்துக்கு, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்தக் கீமோ மருந்து எவ்வளவு என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள், கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள். அவள் 25 வயதில் சுங்கை சிப்புட் கிளினிக்கில் போய் உட்காரும்போது அங்குள்ள மருத்துவருக்கு அவள் கதை தெரிய வேறு வழியில்லை.

நீங்கள் ஆசிரியை என்பதால் பள்ளியைப் பற்றியும் சொல்கிறேன். மருத்துவமனைக்குள் பள்ளி நடத்தும் திட்டம் இந்நாட்டில் 2011 முதல் இருக்கிறது. அவள் இருக்கும் இடத்தில் உண்டா என்று கேட்டு, பாலர் வகுப்புப் பாடமானாலும் சேர்த்துவிடுங்கள். பிறகு முதலாம் ஆண்டுக்கு அவள் வரும்போது, அறிவு குறைந்தவள் என்று பிறர் நினைக்கக்கூடிய பிள்ளையாக இருப்பாள். உண்மையில் குறைந்திருப்பது பெரும்பாலும் வேகமும் கவனம் நிற்கும் நேரமும்தான். கேட்டதை உள்வாங்கி விடை சொல்ல மற்ற பிள்ளைகளைவிட அவளுக்கு அதிக நேரம் பிடிக்கும். முன்வரிசையில், நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதைக் குறைத்து அச்சிட்ட தாளைக் கொடுங்கள். சோதனையில் கூடுதல் நேரம் வேண்டும் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இந்தக் குறைகள் சிகிச்சை முடிந்த ஆண்டிலேயே தெரிந்துவிடுவதில்லை, இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் கடினமாகும்போதுதான் வெளிப்படும். எனவே முதல் ஆண்டு நன்றாகப் படித்தாள் என்று அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டாம்.